நைனாவுக்கு ஒரு ‘நீங்க’

போன பொங்கல் லீவுக்கு முந்தின நாள் ஜிராவில் எனக்கு ஒரு டிக்கெட் விழுந்தது. கிளையன்ட் நெதர்லாந்துக்காரர்கள். தொழிலாளர்கள் லீவு போட, பே ஸ்லிப் பார்க்க ஒரு ஆப். டச்சுத் திரைகளில் இருக்கும் மரியாதையான ‘உ’வை எடுத்துவிட்டு நெருக்கமான ‘யெ’ போடப் போகிறார்களாம். அவர்களுக்கு இங்கேயும் ஆட்கள் உண்டு என்பதால், தமிழையும் அப்படி மாற்ற முடியுமா என்று கேள்வி. டீமில் தமிழ் எழுதத் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

ஃபைண்ட், ரீப்ளேஸ் போட்டு முடிகிற வேலை இல்லை இது. தமிழில் மரியாதை வினையின் வாலில் உட்கார்ந்திருக்கிறது. ‘நீங்கள்’ என்பதை எடுத்துவிட்டாலும் ‘வந்தீங்களா’, ‘வந்தியா’ காட்டிக்கொடுத்துவிடும். சரி, ஊரில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று பஸ் ஏறிவிட்டேன்.

ஊர் பள்ளிப்பட்டு. 1960 ஏப்ரல் 1 அன்று ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்திலிருந்து இந்தப் பக்கம் வந்தது. எங்களுக்கு வீட்டில் தெலுங்கு, தெருவில் தமிழ். நைனாவை நான் ‘நுவ்வு’ என்றுதான் சொல்வேன். ‘மீரு’ வாத்தியாருக்கும் தாசில்தாருக்கும். நைனாவை மீரு என்றால், பையனுக்கு ஏதோ கோபம் என்று நினைத்துக்கொள்வார். அம்மா இரண்டும் சொல்வதில்லை. ‘சோறு ஆச்சு’ என்று சுவரைப் பார்த்துச் சொல்வாள், அவர் எழுந்து வருவார்.

நைனா முப்பது வருஷம் ஒரே முதலாளியிடம் தறி ஓட்டினார். இப்போது அவர் மகன் பார்த்துக்கொள்கிறான், என் வயசு. பொங்கலன்று பார்த்துவிட்டு வரலாம் என்று நைனாதான் கூட்டிக்கொண்டு போனார்.

“தம்பி, எப்ப வந்தீங்க? நல்லாகீறீங்களா?” என்றான் என்னிடம். அதே மூச்சில் நைனா பக்கம் திரும்பி, “நீ இன்னாத்துக்கு நிக்கிற? உள்ள போயி சேர் எடுத்துனு வா.”

நைனா போய் எடுத்துக்கொண்டு வந்தார். ஒரே ஒரு சேர். நான் அதில் உட்கார்ந்தேன்.

ஏன் உட்கார்ந்தேன் என்று இன்னும் தெரியவில்லை. அவன் திட்டவில்லை, குரல்கூட உயரவில்லை. வீட்டில் நான் நைனாவிடம் தினமும் சொல்கிற அதே ‘நீ’தான்.

அன்று ராத்திரி தூக்கம் வராமல் டச்சுக்காரர்களின் கதையைப் படித்துக்கொண்டிருந்தேன். அவர்களுக்கும் முன்பு ஒருமைக்கு ‘டூ’ என்று ஒரு சொல் இருந்திருக்கிறது. பன்மைச் சொல்லை மரியாதைக்காக ஒருவருக்கே சொல்லிச் சொல்லி, டூ வழக்கொழிந்துபோனது. பிறகு பன்மைக்கு ஆள் இல்லாமல், ‘ஆட்கள்’ என்ற சொல்லை ஒட்டி ‘யுல்லி’ என்று புதிதாக ஒன்று செய்துகொண்டார்கள். நாமும் ‘நீர்’ என்ற பன்மையை ஒருவருக்குச் சொன்னோம், பிறகு ‘கள்’ ஒட்டிய நீங்களையும் ஒருவருக்கே கொடுத்தோம். ஒருவரைப் பன்மையில் சொல்வது உயர்த்திப் பேசும் வழக்கு, இலக்கணமுறை அல்ல என்று தொல்காப்பியர் கிளவியாக்கத்திலேயே சொல்லிவிட்டார். அப்போதே ஆரம்பித்துவிட்டது போல. ஆனால் நமக்கு ‘நீ’ சாகவில்லை. பிள்ளைக்கும் சாமிக்கும் சொல்கிறோம், தறிக்காரருக்கும் சொல்கிறோம்.

அந்த கிளையன்ட் ஆபீஸில் டைரக்டரும் யெ, டிரெய்னியும் யெ. எல்லோரும் சேர்ந்து ஒரு படி இறங்கியிருக்கிறார்கள். எங்கள் ஊரில் யாரை இறக்குவது என்பது எப்போதோ முடிவாகிவிட்டது.

மறுநாள் நைனாவுக்குப் பணம் எடுக்க ஏடிஎம் போனோம். திரையில் ‘உங்கள் ரகசிய எண்ணை உள்ளிடவும்’. எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டுச் சிரித்தார்.

“பாரு, மிஷினு எனக்கு நீங்கன்னு சொல்லுது.”

பெங்களூர் திரும்பியதும் டிக்கெட்டில் ‘தமிழில் மாற்றம் வேண்டாம்’ என்று எழுதினேன். ஏன் என்று கேட்டார்கள். அரைப் பக்கம் எழுதி, அழித்துவிட்டு, ‘எல்லா வினை விகுதிகளையும் மாற்ற வேண்டியிருக்கும், நேரம் போதாது’ என்று போட்டேன். ஒத்துக்கொண்டார்கள். டிக்கெட் க்ளோஸ் ஆகிவிட்டது.