புட்டுத்தோப்பில் ஒரு பந்தாட்டம்

தேனி பஸ் ஆரப்பாளையம் ஸ்டாண்டில் நின்றதும், "அத்தை, பசிக்குது" என்றான் அண்ணன் மகன் கண்ணன்.

"பக்கத்திலேயே புட்டுத்தோப்பு. பசிக்காமல் என்ன செய்யும்?" என்றேன்.

கதை உங்களுக்குத் தெரியாததல்ல. வைகையில் வெள்ளம், வீட்டுக்கு ஓர் ஆள் வந்து கரையடைக்கப் பாண்டியன் உத்தரவு. புட்டு விற்கும் வந்திக் கிழவிக்கு ஆளில்லை. உதிர்ந்த புட்டே கூலியென்று சிவபெருமான் கூடை தூக்கினார். தூக்கினாரே தவிர, வேலை செய்தாரா? தின்றார், ஆடினார், தூங்கினார். பாண்டியன் பிரம்பால் அடித்தான். அடி எல்லார் முதுகிலும் விழுந்தது. ஆவணி மூலத் திருவிழாவில் மீனாட்சியும் சொக்கரும் இங்கேதான் எழுந்தருளுகிறார்கள். அன்று பெரிய கோவில் நடை சாத்தியிருக்கும்.

புட்டுப் பொட்டலமும் கையுமாக ஆற்றங்கரைக்கு நடந்தோம். வெள்ளத்தைக் காணோம். கொஞ்சம் மணல், நிறையச் செடி. மணல் திட்டில் வலை கட்டிப் பையன்கள் வாலிபால் ஆடினார்கள். கண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். பள்ளிக்கூட டீமில் சேர்க்கவில்லையென்று இனிப் பந்தையே தொடுவதில்லை எனச் சபதம் செய்திருக்கிறான்!

ஓரத்தில் விசிலோடு ஒரு பெரியவர். பையன்கள் பந்தைத் தவறவிடும்போதெல்லாம் அவர் கைகள் தாமாக எழும். பாதியில் நின்று முதுகுக்குப் பின்னால் போய்விடும்.

"ஏன் அத்தை அப்படிச் செய்றார்?"

"ஒரு காலத்தில் ஆடினவராயிருக்கும்" என்று, கார்ச் கிராலியின் கதையைச் சொன்னேன். தகப்பனார் 1956 புரட்சிக்குப் பிறகு ஹங்கேரியிலிருந்து தப்பி அமெரிக்கா வந்தவர். பதினோரு வயதில் அவரோடு ஜோடி சேர்ந்தே கிராலி முதல் மணல் போட்டியில் இறங்கினார். மண்டபத்தில் ஆறு பேர் ஆட்டம். மணலிலோ இரண்டே பேர். எட்டு மீட்டர் சதுரத்தை அவர்களே காக்க வேண்டும். மாற்றாள் கிடையாது; குதித்தால் மணல் காலைப் பிடித்து இழுக்கும். 1984, 1988 ஒலிம்பிக்கில் மண்டபத் தங்கம், 1996-ல் மணல் தங்கம், மொத்தம் 148 மணல் போட்டி வெற்றிகள்! இத்தனையும் செய்த கைகளைக் கட்டிக்கொண்டு, பிறகு அமெரிக்கப் பெண்கள் அணிக்குப் பயிற்சியாளரானார். 2021-ல் டோக்கியோவில் அந்தப் பெண்கள் தங்கள் முதல் ஒலிம்பிக் தங்கத்தை வென்றபோது, அவர் நின்றது கோட்டுக்கு வெளியே.

"நம்ம ஊர்லே யாருமில்லையா?"

இல்லாமலென்ன? தமிழ்நாட்டு ஜி. இ. ஸ்ரீதரனுக்கு 1982-ல் ஆட்டத்துக்காக அர்ஜுனா விருது. 2007-ல் பயிற்சிக்காகத் துரோணாச்சாரியார் விருது. அர்ஜுனனே துரோணராகிவிட்டார், பாருங்கள்! பாரதத்தில்கூட நடக்காத அதிசயம்.

அந்தச் சமயம் ஒரு பையன் பந்தைக் கோட்டைவிட்டான். பெரியவர் 'ச்சே' என்று தம் தொடையிலேயே ஓங்கி அடித்துக்கொண்டார். பந்து உருண்டு வந்து கண்ணன் காலடியில் நின்றது.

"தம்பி, ஒராள் குறையுது. வர்றியா?" என்றார் பெரியவர்.

கண்ணன் என்னைப் பார்த்தான். நான் ஆற்றைப் பார்த்தேன்.

புட்டு ஆறிப் போயிற்று. ஊருக்குப் போகும் கடைசிப் பஸ்ஸைத்தான் பிடித்தோம்.