மலையேறிப் போன மைலேஜ்!

ஊட்டின்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? போட் ஹவுஸ், பொம்மை ரயில், ஹோம் மேட் சாக்லேட், செகண்ட் இயர் டூர்ல எடுத்த க்ரூப் போட்டோ. ஆனா மேட்டுப்பாளையம் மண்டிப் பக்கம் நின்னு 'ஊட்டி'ன்னு சொல்லிப் பாருங்க. 'என்ன லோடு?'ன்னுதான் திருப்பிக் கேட்பாங்க. கேரட், பீட்ரூட், உருளை எல்லாம் மலையிலிருந்து இறங்கி, இங்கே கைமாறி, ஊர் ஊராகக் கிளம்புகிற இடமாச்சே!

மண்டியைச் சுற்றிப் பார்க்கத்தான் போனோம். மாட்டிக்கிட்டது பக்கத்துத் தெரு ஒர்க் ஷாப்பில். அங்கே ஒரு பிக்கப் டிரைவர் (ஓனரும் அவரேதான்) தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். "13 குடுத்துட்டிருந்த வண்டிங்க. ரெண்டு மாசமா 10தான் குடுக்குது."

அட, மூணு கிலோமீட்டர்தானேன்னு நினைக்காதீங்க பாஸ். ஊட்டி போய்த் திரும்ப, அங்கே இங்கே சுத்த, ஒரு ட்ரிப்புக்கு 120 கி.மீ. 13 கிடைத்தால் சுமார் 9.2 லிட்டர் டீசல். 10 கிடைத்தால் 12 லிட்டர். லிட்டர் 90 ரூபாய்னு வெச்சாலும் தினம் 250 ரூபாய் அவுட். மாசம் 25 ட்ரிப்னா ஆறாயிரத்துச் சொச்சம். வண்டிக்கு டியூ கட்டறவருக்கு இது விளையாட்டு இல்லை. போதாததற்கு, வேறொரு கடையில் 'இன்ஜெக்டரைக் கழட்டணும், பம்ப்பைப் பிரிக்கணும்'னு பெரிய எஸ்டிமேட் வேறு போட்டுக் கொடுத்திருந்தார்கள்.

நம்ம மேஸ்திரிக்கு அறுபதைத் தாண்டிய வயசு. ஸ்பேனரைத் தொடவே இல்லை. முதல் கேள்வி: "10னு எப்படித் தம்பி கண்டுபுடிச்சே? முள்ளைப் பாத்தா?"

"இல்லீங்கண்ணா. ஃபுல் டேங்க் அடிச்சு, போயிட்டு வந்து, அதே பங்க்ல மறுபடி ஃபுல் பண்ணித்தான் பாத்தேன். மூணு தடவை."

மேஸ்திரி முகத்தில் பாஸ் மார்க் போட்ட சந்தோஷம். மலை வண்டிக்கு ஏறி இறங்கி முழு ரவுண்டு சேர்த்துத்தான் கணக்குப் பார்க்கணுமாம். ஏற்றத்தை மட்டும் பார்த்தால் அழுகை வரும், இறக்கத்தை மட்டும் பார்த்தால் கர்வம் வரும்.

இரண்டாவது கேள்விதான் செம. "மேல போறப்ப வண்டி காலியாத்தானே போகுது?"

"முன்னெல்லாம் காலிங்க. ரெண்டு மாசமா ஒரு டன் அரிசி ஏத்திட்டுப் போறேன்."

மெக்கானிக்கல் படிக்கிற மச்சிகளா, இங்கே உங்க எம்.ஜி.ஹெச். ஃபார்முலாவைப் போடுங்க. மேட்டுப்பாளையத்துக்கும் ஊட்டிக்கும் உயர வித்தியாசம் சுமார் 1,900 மீட்டர். ஒரு டன்னை அவ்வளவு தூரம் தூக்க 18.6 மெகாஜூல் வேணும். ஒரு லிட்டர் டீசலில் சுமார் 36 மெகாஜூல் இருக்கு. ஆனா இன்ஜின் அதில் மூணில் ஒரு பங்கைத்தான் வேலையாக மாற்றும். ஆக, அரிசியைத் தூக்க மட்டும் ஒன்றரை லிட்டர்! காணாமல் போன 2.8 லிட்டரில் பாதிக்கு மேல் ஆள் அகப்பட்டாச்சு.

மீதி? ஏர் ஃபில்டரைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தார், சுத்தம். கரும்புகை இல்லை. டயர் காற்றும் சரி. "வா, ஓட்டிப் பாக்கலாம்"னு கிளம்பினார். கேபினில் எனக்கும் ஓரமாக ஒரு சீட்.

பவானியைத் தாண்டி, பாக்குத் தோப்பு நிழலில் கல்லாறு வரை ரோடு சமதளம்தான். மலை ரயிலுக்குப் பல்சக்கரத் தண்டவாளம் தொடங்குவதும் இந்தக் கல்லாறில்தான். அதற்கு மேலே பன்னிரண்டடி போனால் ஒரு அடி உயரும் என்கிற அளவுக்குச் செங்குத்து. நம்ம மேஸ்திரிக்கு இயற்கை ரசனை எல்லாம் கிடையாது. வண்டியை ஓரம் கட்டி, பாட்டில் தண்ணியை நாலு சக்கரத்துக்கும் தெளித்தார். மூணு சும்மா இருந்தது. பின்பக்க இடது சக்கரம் மட்டும் 'ஸ்ஸ்'ஸென்று தோசைக்கல் மாதிரி சீறியது. ஜாக்கி போட்டுத் தூக்கிக் கையால் சுற்றினால், நகர மாட்டேன்னு அடம். ஹேண்ட் பிரேக் கேபிள் துருப்பிடித்து, ரிலீஸ் பண்ணினாலும் பிரேக்கை முழுசா விடவில்லை. அதாவது நம்ம ஆளு தினமும் பிரேக் பிடித்துக்கொண்டே ஊட்டிக்கு ஏறியிருக்கார்!

அப்படியே சில வளைவு ஏறித் திரும்பினோம். இறங்க ஆரம்பித்ததும் டெம்பரேச்சர் முள் சரசரவெனப் படுத்துக்கொண்டது. போன கோடையில் இன்ஜின் சூடாகுதுன்னு யாரோ தெர்மோஸ்டாட் வால்வையே எடுத்து விட்டார்களாம். அது இல்லாவிட்டால் மலைக் குளிரில் இன்ஜினுக்கு வேண்டிய சூடு நிற்காது. ஜுரம் வந்தவன் மாதிரி கூடுதலாக டீசல் கேட்கும். இன்ஜின் சூடானதற்கு நிஜக் காரணம் அடைத்துக் கிடந்த ரேடியேட்டர்.

இறக்கத்தில் இன்னொரு கூத்து. டிரைவர் கை பழக்கதோஷத்தில் கியரை நியூட்ரலுக்குத் தள்ளியது. மேஸ்திரி அந்தக் கையைத் தட்டிய தட்டு எனக்கே வலித்தது.

"டீசல் மிச்சமாகுமேன்னுதாங்ணா..."

"எது மிச்சம்? கியர்ல விட்டு ஆக்சிலேட்டர்ல காலை எடுத்தா இன்ஜின் டீசலே குடிக்காது. நியூட்ரல்ல அணையாம ஓடறதுக்குக் குடிக்கும். அப்புறம் முழு லோடும் பிரேக் மேல. சூடாகி அது புடிக்காமப் போனா, மண்டிக்குக் கேரட் மட்டுந்தான் வரும், நீ வரமாட்டே."

கேபினில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. இரண்டாவது கியரில், இன்ஜின் முனகிக்கொண்டே மெதுவாக இறங்கினோம்.

சாயங்காலத்துக்குள் புது கேபிள், புது வால்வு, ரேடியேட்டருக்கு ஒரு குளியல். கழட்டச் சொன்ன இன்ஜெக்டர் கழட்டப்படாமலே பத்திரமாக இருந்தது.

அடுத்த வாரம் டிரைவருக்குப் போன் போட்டேன். "11க்குக் கொஞ்சம் மேல குடுக்குதுங்க, அரிசியோட."

"13 வரலையேண்ணா?"

"அரிசி திங்கற டீசலைக் கணக்குப் போட்டுக் காட்டிட்டாரே தம்பி. இத்தனை நாள் 'சும்மாதானே மேல போறே'ன்னு கடைக்காரர் பாதி வாடகைதான் குடுத்துட்டிருந்தாரு. இப்ப அங்கதான் போயிட்டிருக்கேன், பேசோணும். வெச்சுடறேன்ங்க, கியர் மாத்தோணும்."