ஸ்கேனர் சொல்வது பாதிதான்

“வெளி மெக்கானிக் கை வைத்த வண்டி.” புதுச்சேரியில் ஒரு பெரிய ஷோரூமின் சர்வீஸ் சென்டரில், என் வாடிக்கையாளர் ஒருவரின் ஜாப் கார்டில் இப்படி எழுதி நீட்டினார்கள். வில்லியனூரில் டீசல் ஷெட் வைத்தே தலை நரைத்தவன் நான். சாவியைத் தம்பி மகனிடம் கொடுக்கும் நேரம் வந்துவிட்டது. அதற்கு முன் சிலவற்றைச் சொல்லியாக வேண்டும்.

அப்படி எழுதப்பட்டது பாகூர்ப் பக்கத்துக் கரும்பு விவசாயி ஒருவரின் காமன் ரயில் டீசல் வண்டி. காலையில் செல்ஃப் அடித்து அடித்தே பேட்டரி இறங்கிவிடும். ஒருமுறை ஸ்டார்ட் ஆகிவிட்டால் நாளெல்லாம் குறையில்லாமல் ஓடும். ஷோரூமில் ஸ்கேனரை மாட்டினார்கள். ‘ரயில் பிரஷர் குறைவு’ என்று எரர் கோடு வந்தது. நான்கு இன்ஜெக்டரும் ஹை பிரஷர் பம்பும் மாற்ற வேண்டும் என்று ஒரு லட்சத்துக்கு மேல் எஸ்டிமேட் போட்டார்கள்.

ஸ்கேனர் பொய் சொல்லவில்லை, பிரஷர் குறைவுதான். ஏன் குறைந்தது என்று பார்ப்பதுதான் மெக்கானிக்கின் வேலை. வண்டி என் ஷெட்டுக்கு வந்ததும் ரிட்டர்ன் லைனைக் கழற்றி, இன்ஜெக்டருக்கு ஒரு பாட்டிலாக நான்கு பாட்டில் மாட்டி ஓடவிட்டேன். நான்கிலும் ஒரே அளவு டீசல். இன்ஜெக்டரில் கோளாறு என்றால் ஒன்றாவது கூடுதலாகக் கொட்டியிருக்கும். பம்பு தேய்ந்திருந்தால் மேட்டில் லோடு இழுக்கும்போது வண்டி திணறும், இது திணறவில்லை. இரவு நின்றால் மட்டும் வருகிற நோய் என்றால், டீசல் டேங்குக்குத் திரும்பிப் போகிறது, அந்த இடத்தில் ஏர் வந்து உட்காருகிறது. ஆனால் லைன் முழுக்கத் தடவிப் பார்த்தும் ஒரு சொட்டு ஈரமில்லை. இருக்காது. பம்பு டேங்கிலிருந்து உறிஞ்சும் பக்கத்தில் ஓட்டை இருந்தால் டீசல் வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும். ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவே கண்ணாடி மாதிரித் தெரியும் ஹோஸ் ஒன்றை மாட்டி, வண்டியை ராத்திரி நிறுத்தி வைத்தேன். விடிந்ததும் செல்ஃப் அடித்தால் ஹோஸில் குமிழி குமிழியாக ஏர் ஓடுகிறது. ஃபில்டரைக் கழற்றினேன். போன சர்வீஸில் புது ஃபில்டர் போட்டவர்கள் பழைய ஓ-ரிங்கையே நசுக்கி உட்காரவைத்திருந்தார்கள். நூறு ரூபாய்கூடப் பெறாத ரப்பர் வளையம் அது. மாற்றிய மறுநாள் காலையில் வண்டி ஒரே செல்ஃபில் கிளம்பியது.

என் மேஸ்திரி அம்பாசிடர், மட்டடார் காலத்து ஆள். மைக்கோ பம்பைப் பிரித்துச் சேர்த்த கை அவருடையது. எந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று பார்க்க, ஓடும் இன்ஜினிலேயே நாசில் பைப் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்துவார். இன்று அதைச் செய்யக் கூடாது. காமன் ரயிலில் 1,600 பாருக்கு மேலும் பிரஷர் நிற்கும். பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே இறங்கிவிடும். அவருடைய முறை பழசாகிவிட்டது. கழற்றுவதற்கு முன் யோசி, காரணம் தெரியாமல் பார்ட்ஸ் மாற்றாதே என்று அவர் சொல்லிக் கொடுத்த ஒழுங்கு பழசாகவில்லை. ஷோரூம் பையன்கள் கெட்டிக்காரர்கள். ஆனால் எத்தனை வண்டி வெளியே அனுப்பினாய், எவ்வளவு பில் போட்டாய் என்றுதான் அவர்களைக் கேட்கிறார்கள். கோளாறைத் தேட நேரம் கொடுப்பதில்லை.

2020 ஏப்ரலில் பிஎஸ்-6 புகை விதி வந்த பிறகு நிலைமை இன்னும் மோசம். வில்லியனூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே ஊர்ந்து ஊர்ந்து ஓடும் வண்டியில், புகைக் கரியைப் பிடிக்கும் ஃபில்டரான டிபிஎஃப் சூடேறிக் கரியை எரித்து முடிப்பதே இல்லை. அதற்காகக் கூடுதலாகப் பீய்ச்சும் டீசல் சிலிண்டர் சுவரில் இறங்கி ஆயிலில் கலக்கிறது. டிப் ஸ்டிக்கில் ஆயில் மட்டம் ஏறினால் அது ஆபத்து. வாரம் ஒருமுறை வண்டியை நிறுத்தாமல் விழுப்புரம் வரை விரட்டி வா என்று ஒரு வார்த்தை டெலிவரி நாளிலேயே சொல்லியிருக்கலாம். ஆக்ஸசரீஸ் விற்க இருக்கும் நேரம் இதற்கு இருப்பதில்லை.

வெள்ளத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2024 ஃபெஞ்சல் புயலில் புதுச்சேரியில் ஒரே நாளில் ஏறத்தாழ 48 செ.மீ. மழை கொட்டியது, அடுத்து தென்பெண்ணை பெருகிப் பாகூர்ப் பக்கம் மூழ்கியது. தண்ணீரில் நின்ற வண்டியை ஒருபோதும் செல்ஃப் அடிக்காதீர்கள். சிலிண்டரில் தண்ணீர் இருந்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். டீசலில் கலந்த தண்ணீரும் அதே அளவு கெடுதல். பம்புக்கும் இன்ஜெக்டருக்கும் டீசல்தான் ஆயில். தண்ணீர் போனால் இரண்டும் துருப்பிடித்து உரசும்.

வண்டி வைத்திருப்பவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். எந்த ஷோரூமாக இருந்தாலும், எஸ்டிமேட்டில் கையெழுத்துப் போடுவதற்கு முன், “எந்த டெஸ்ட் செய்து இதைக் கண்டுபிடித்தீர்கள்?” என்று கேளுங்கள். கழற்றிய ஃபில்டரையும் ஓ-ரிங்கையும் உங்கள் கையில் கொடுக்கச் சொல்லுங்கள். கொடுக்காத இடத்தில் வண்டியை விடாதீர்கள்.