ஒஸ்லோவில் ஒரு குளிர்கால நாள்

நோர்வே என்னும் பெயர் எமது பெண்களுக்குப் புதியதல்ல. 2002 பெப்ரவரியில் யுத்தநிறுத்த ஒப்பந்தம் கைச்சாத்தான பின்னர் அந்நாட்டுச் சமாதானத் தூதுவர்களின் படங்கள் எமது பத்திரிகைகளில் அடிக்கடி வந்தன. அதே ஆண்டு டிசம்பர் மாதத் தொடக்கத்தில் அரசாங்கமும் விடுதலைப் புலிகளும் ஒஸ்லோ நகரில் பேச்சுவார்த்தை நடத்தினார்கள். சமாதான முயற்சிகளில் பெண்களின் பிரச்சினைகளையும் உள்ளடக்குவதற்கு ஒரு பெண்கள் குழுவை அமைப்பதென்று இணங்கியதும் அங்குதான். இரு தரப்பிலிருந்தும் ஐவர் ஐவராகத் தெரிவான அக்குழு 2003 மார்ச்சில் கிளிநொச்சியில் கூடியது. அடுத்த மாதமே பேச்சுக்கள் இடைநின்றன. குழுவின் வேலையும் நின்று போனது. 2006 இல் வாகரையிலிருந்தும் 2007 இல் படுவான்கரையிலிருந்தும் எமது பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மீண்டும் இடம்பெயர்ந்தார்கள்.

2023 டிசம்பரில் பயிற்சி ஒன்றிற்காக அந்த ஒஸ்லோவுக்குப் போகக் கிடைத்தது. பயிற்சியின் நடுவே ஒரு நாள் ஓய்வு. அந்த ஒரு நாளில் கண்டவற்றுள் எமது வாசகியரோடு பேச வேண்டியவை என்று எனக்குப் பட்டவற்றை இங்கு எழுதுகிறேன்.

முதலில் குளிரைப் பற்றிச் சொல்ல வேண்டும். டிசம்பரில் அங்கு காலை ஒன்பது மணி கழிந்துதான் சூரியன் உதிக்கிறது. பின்னேரம் மூன்றேகாலுக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. ஒரு நாளின் வெளிச்சம் ஏறத்தாழ ஆறு மணித்தியாலம் மட்டுமே. எமது பக்கத்தில் மாரி மழையில் வாவி நிரம்பி வழியும் அதே நாட்களில் அங்கே தரை முழுவதும் வெண்பனி மூடிக் கிடக்கிறது. நடப்பவர்கள் வழுக்கி விழாதிருக்க வீதியோரங்களில் சிறு கற்களைத் தூவி விடுகிறார்கள். குழந்தைகளைத் தள்ளுவண்டியில் போர்த்தி வைத்துக்கொண்டு தாய்மாரும் தகப்பன்மாரும் எந்தத் தயக்கமுமின்றி நடந்து திரிகிறார்கள்.

எனக்கு வழிகாட்டியாக வந்தவர் எமது மட்டக்களப்பைச் சேர்ந்த ஒரு அக்கா. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அங்கு போய், இப்போது வயோதிபர்களைப் பராமரிக்கும் வேலை செய்கிறார். "கடையில ஒரு கோப்பி ஆயிரத்து முந்நூறு ரூபாவுக்கு மேல வரும் புள்ள, ஏன் அநியாயம்?" என்று சொல்லி, சுடுதண்ணிப் போத்தலில் இஞ்சித் தேநீரும் ஒரு பையில் இடியப்பமும் கொண்டு வந்திருந்தார். தன்னுடைய பெரிய மேலங்கி ஒன்றையும் எனக்குப் போட்டுவிட்டார்.

காலையில் ட்ராம் ஏறி விகலாண்ட் பூங்காவுக்குப் போனோம். அதற்குக் கட்டணம் இல்லை. குஸ்தாவ் விகலாண்ட் என்ற சிற்பி செய்த 200 இற்கும் மேற்பட்ட சிலைகள் அங்கு வெட்டவெளியில் நிற்கின்றன. ஒரே கல்லில் செதுக்கிய உயர்ந்த தூண் ஒன்றில் 121 மனித உருவங்கள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு மேலே ஏறுகின்றன. மூன்று கல்தச்சர்கள் பதினான்கு ஆண்டுகள் உழைத்து அதை முடித்தார்களாம். அங்குள்ளவை அரசர்களின் சிலைகள் அல்ல. பிள்ளையைத் தூக்கும் தகப்பன், அடம்பிடித்து அழும் சிறுவன், ஒருவரையொருவர் தாங்கி நிற்கும் முதியவர்கள் என்று எல்லாம் சாதாரண மனிதர்கள். ஒரு சிலையில் தாய் நாலு காலில் குனிந்து நிற்கிறாள். முதுகிலே இரண்டு பிள்ளைகள் ஏறியிருக்கின்றனர். அவளுடைய பின்னலே அவள் வாய்க்குக் குதிரைக் கடிவாளமாக இருக்கிறது. அதைப் பார்த்து அக்கா சிரித்தார். "இது எங்கட ஊருப் பொம்புள கா" என்றார். தனித்து நின்று குடும்பத்தைச் சுமக்கும் எத்தனையோ பெண்களின் முகங்கள் எனக்கு நினைவுக்கு வந்தன. பெண் சுமக்கிறாள் என்பதை எல்லாரும் காண்கிறோம். அவள் வாயும் கட்டப்பட்டிருக்கிறது என்பதை அந்தச் சிற்பி கண்டிருக்கிறார்.

அங்கிருந்து மாநகர மண்டபத்திற்கு வந்தோம். 1950 இல் திறக்கப்பட்ட செங்கற் கட்டடம் அது. ஒவ்வொரு ஆண்டும் டிசம்பர் 10 ஆம் திகதி நோபல் சமாதானப் பரிசு வழங்கும் வைபவம் நடப்பது அதன் பெரிய மண்டபத்தில்தான். லைபீரியாவில் கிறிஸ்தவப் பெண்களையும் முஸ்லிம் பெண்களையும் ஒன்றாக வெள்ளை உடுத்தி உட்காரவைத்து யுத்தத்தை நிறுத்தக் கோரிய லேமா போவீ 2011 இல் அங்கு நின்று பரிசு பெற்றார். யுத்தத்தில் தனக்கு நேர்ந்த பாலியல் கொடுமையை உலகறியச் சொன்ன ஈராக்கின் யசீதிப் பெண் நாடியா முராத் 2018 இல் பெற்றார். நாங்கள் போனதற்குச் சில நாட்களுக்கு முன்னர், ஈரானியச் சிறையில் இருந்த நர்கிஸ் முகம்மதிக்காக அவருடைய இரட்டைப் பிள்ளைகள் வந்து பரிசை வாங்கியிருந்தார்கள். தாய்க்கென்று மேடையில் ஒரு கதிரையை வெறுமையாக விட்டிருந்தார்கள்.

அன்று மத்தியானம் நான் கண்டவையும் வெறும் கதிரைகள்தான். மண்டபத்தைத் தாண்டிக் கடலோரமாக நடந்தால் ஆகர்ஷூஸ் கோட்டை வருகிறது. எழுநூறு ஆண்டு பழைமையானது. தண்ணீரோரம் நிற்கும் கோட்டை என்றதும் எமது வாவிக்கரைக் கோட்டைதான் மனதில் வந்தது. அதனுள்ளே நீண்ட காலம் இயங்கிய கச்சேரிக்கு மரணச் சான்றிதழுக்கும் நட்டஈட்டுக்குமாகப் படிவங்களோடு ஏறி இறங்கிய பெண்கள் எத்தனை பேர்!

ஆகர்ஷூஸ் கோட்டையின் கீழே, கடலைப் பார்த்தபடி எட்டு இரும்புக் கதிரைகள் நிற்கின்றன. அவற்றில் உட்காரும் பலகை இல்லை. கால்களும் சாய்மனையும் மட்டுமே உண்டு. அன்று அவற்றின் மேல் பனி படிந்திருந்தது. அன்ரனி கோம்லி என்ற பிரித்தானியச் சிற்பி 2000 ஆம் ஆண்டில் செய்தவை. 1942 நவம்பர் 26 ஆம் திகதி அந்தத் துறையிலிருந்து 532 யூதர்கள் டோனாவ் என்ற கப்பலில் ஏற்றப்பட்டார்கள். முதியவர்களும் கைக்குழந்தைகளும் அதில் இருந்தார்கள். அவுஸ்விட்ஸ் கொலைமுகாமுக்கு அனுப்பப்பட்ட அவர்களில் உயிரோடு திரும்பியோர் மிகச் சிலரே. அப்போது நாடு ஜெர்மனியரின் பிடியில் இருந்தது. எனினும் வீடு வீடாகப் போய் அவர்களைப் பிடித்தவர்கள் நோர்வே நாட்டுப் பொலிஸார். வாடகைக் கார்களையும் அமர்த்திக்கொண்டு போய்ப் பிடித்தார்கள்.

அக்கா ஒரு கதிரையின் சாய்மனையில் கிடந்த பனியைக் கையுறையால் தட்டிவிட்டார். அவருடைய தம்பியை 1990 இல் சுற்றிவளைப்பு ஒன்றில் கொண்டு போனார்கள். "நாங்க தம்பிட படத்துக்கு மாலையும் போடல, திவசமும் செய்யல. அம்மா சாகுமட்டும் வாசலப் பாத்துக்கொண்டுதான் இருந்தா. இப்பிடி ஒரு கதிரை எங்கட ஊரிலயும் இருந்திருந்தா, அம்மா அதுக்குப் பக்கத்தில போயாவது அழுதிருப்பா புள்ள" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. இருவரும் அவ்விடத்திலேயே நின்று தேநீரைக் குடித்தோம்.

2012 ஜனவரி 27 ஆம் திகதி அந்நாட்டின் பிரதமர் ஜென்ஸ் ஸ்டொல்டன்பேர்க் அதே துறைமுகத்தில் நின்று மன்னிப்புக் கேட்டார். பிடித்தவர்கள் எமது நாட்டவர்களே என்று வெளிப்படையாகச் சொன்னார். அதைச் சொல்ல எழுபது ஆண்டுகள் எடுத்தன. மன்னிப்பைக் கேட்பதற்கு உயிருடன் இருந்த தாய் எவரும் அநேகமாக இருந்திருக்கமாட்டார். ஆகவே அந்நாட்டைப் புண்ணிய பூமி என்று சொல்வதற்கு நான் வரவில்லை. சாமி என்னும் பூர்வீக மக்களின் மொழியையும் வாழ்வையும் அழிக்க முயன்றதற்காக நோர்வேப் பாராளுமன்றம் மன்னிப்புக் கேட்டதும் 2024 நவம்பரில்தான். அரசுகள் தாமாக மனம் இரங்குவதில்லை. பாதிக்கப்பட்டவர்கள் விடாமல் பெயர் சொல்லிக்கொண்டே இருந்தபடியால்தான் அந்த நாள் வந்தது.

பெயர் சொல்வதென்றால் என்ன என்பதை அடுத்த தெருக்களில் கண்டேன். நடைபாதையில் கற்களுக்கிடையே உள்ளங்கையளவு பித்தளைத் தகடுகள் பதித்திருக்கிறார்கள். அக்கா சப்பாத்தால் பனியை ஒதுக்கிக் காட்டினார். 'இங்கு வாழ்ந்தார்' என்று தொடங்கி, பெயர், பிறந்த ஆண்டு, கொண்டு செல்லப்பட்ட நாள், கொல்லப்பட்ட இடம் என்று எழுதியிருந்தது. ஒருவருக்கு ஒரு தகடு. அவர் குடியிருந்த வீட்டு வாசலிலேயே அது இருக்கிறது.

பேராலயத்தின் முன்னே இரும்பினால் செய்த ரோஜாக்கள் நின்றன. 2011 யூலை 22 இல் வலதுசாரித் தீவிரவாதி ஒருவன் குண்டு வைத்தும் ஊத்தயா தீவில் இளையோரைச் சுட்டும் 77 பேரைக் கொன்றான். அப்போது மக்கள் இந்த ஆலயத்தின் முன்பாக ரோஜாக்களைக் குவித்தார்கள். அதன் நினைவாகப் பல நாட்டுக் கொல்லர்களும், தப்பியவர்களும், பிள்ளைகளை இழந்தவர்களும் அடித்துச் செய்த ஏறத்தாழ ஆயிரம் ரோஜாக்கள் 2019 இல் அங்கு வைக்கப்பட்டன. பிள்ளையை இழந்த தாய் தன் கையாலேயே சம்மட்டி பிடித்துச் செய்த பூ என்று நினைக்கும்போது அதன் பாரம் தெரிகிறது. அந்தத் தீவில் நீந்தித் தப்பியவர்களில் யாழ்ப்பாணத்தில் பிறந்து மூன்று வயதில் நோர்வே சென்ற கம்ஷாஜினி குணரத்தினமும் ஒருவர். 2015 இல் அவர் ஒஸ்லோவின் துணை மேயரானார். 2021 இல் பாராளுமன்றத்திற்குத் தெரிவானார்.

மூன்று மணியாகியபோது இருட்டத் தொடங்கியது. கிறிஸ்மஸ் விளக்குகள் எரிந்த கார்ல் யொஹான் வீதியால் ரயில் நிலையத்திற்கு நடந்தோம். வழியில் பாராளுமன்றம் இருக்கிறது, கடைகள் இருக்கின்றன. மக்கள் துக்கத்தோடு திரியவில்லை. பொருள் வாங்கிக்கொண்டும் சிரித்துக்கொண்டும்தான் போனார்கள். நினைவுச்சின்னம் இருந்தால் காயம் ஆறாது, பகை வளரும் என்று எமக்குப் பலர் சொல்லியிருக்கிறார்கள். அந்த நகரத்தில் இறந்தவர்களின் பெயர்கள் காலடியில் கிடக்கின்றன. அதனால் அங்கு வாழ்க்கை நின்றுபோகவில்லை.

எமது மாவட்டத்திலும் நினைவிடங்கள் இல்லாமலில்லை. 1990 செப்டெம்பரில் 180 இற்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்ட சத்துருக்கொண்டானில் ஒரு தூபி உண்டு. அதே ஆண்டு ஓகஸ்டில் தொழுகையிலிருந்த 100 இற்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்ட காத்தான்குடிப் பள்ளிவாசலின் சுவரில் துப்பாக்கிக் குண்டுகள் பட்ட அடையாளங்கள் உண்டு. 2019 ஏப்ரல் 21 இல் பிள்ளைகளும் பலியான சீயோன் தேவாலயம் உண்டு. வந்தாறுமூலைப் பல்கலைக்கழக அகதிமுகாமிலிருந்து 1990 செப்டெம்பர் 5 ஆம் திகதி கொண்டு செல்லப்பட்ட 158 பேரின் பெற்றார் இன்னும் பதிலுக்குக் காத்திருக்கிறார்கள். ஆனால் அவரவர் இடத்தில் அவரவர் மட்டும் அழுகிறோம். தமிழ்த் தாயின் பட்டியலும் முஸ்லிம் தாயின் பட்டியலும் ஒரே மேசையில் வைக்கப்படுவது அரிது.

இரும்புக் கதிரை செய்ய எம்மிடம் பணமில்லை. பித்தளைத் தகடு பதிக்க அனுமதியும் இலகுவில் கிடைக்காது. ஒரு கொப்பியும் பேனையும் எம்மிடம் உண்டு. கிராமத்துப் பெண்கள் குழு கூடும்போது ஒவ்வொருவரும் தம் வீட்டில் இல்லாதவரின் முழுப்பெயர், வயது, தொழில், கடைசியாகக் கண்ட இடம், திகதி ஆகியவற்றை எழுதலாம். எழுதத் தெரியாத அம்மா சொல்ல மகள் எழுதலாம். முறைப்பாட்டுத் துண்டுகளையும் கடிதங்களையும் பிரதியெடுத்து அதனோடு சேர்த்து வைக்கலாம். காணாமல் ஆக்கப்பட்டவருக்கு மரணச் சான்றிதழ் எடுக்க மனமில்லாதவர்கள், அவர் இல்லை என்பதை மட்டும் உறுதிப்படுத்தும் சான்றிதழைப் பெற 2016 ஆம் ஆண்டுச் சட்டம் இடமளிக்கிறது. அதற்கும் இந்த விபரங்கள் உதவும்.

தாய்மார் வயது போய் ஒவ்வொருவராகக் கண்மூடுகிறார்கள். அவர்களோடு பெயர்களும் போய்விடக் கூடாது. எழுபது ஆண்டுகள் கழித்து ஒரு பிரதமர் வாவிக்கரையில் நின்று மன்னிப்புக் கேட்பாரோ தெரியாது. கேட்கும் நாள் வந்தால், எவரிடம் கேட்கிறார் என்பதைச் சொல்ல அந்தக் கொப்பி இருக்க வேண்டும்.