முதலில் மண் நிற்கட்டும்

சிவகங்கைப் பக்கம் ஒரு மானாவாரி விவசாயி, வீட்டுக்குப் பின்னால் 100 அடிக்கு 100 அடி, ஆறரை அடி ஆழத்தில் பண்ணைக்குட்டை வெட்டினார். கரை பளிச்சென்று இருக்க வேண்டும் என்பது அவர் ஆசை. முளைத்த புல்லையெல்லாம் செதுக்கி எறிந்துவிட்டு, கரை மேலேயே தென்னையும் மாவும் நட்டார். கோடை முழுக்க மருமகள்தான் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார்.

ஐப்பசி மழை வந்தது. பிடிக்க வேர் இல்லாத கரை வாய்க்கால் வாய்க்காலாக அரித்தது. அரித்த இடத்தில் கால் வைத்த பேரன், மண்ணோடு சரிந்து தண்ணீரில் விழுந்தான். துணி துவைத்துக்கொண்டிருந்த மருமகள் கையிலிருந்த சேலையை வீசி அவனை இழுத்துப் போட்டார்.

மறுநாள் அவர் சொன்னது இதுதான்: "மாமா, நிழலு பொறவு பார்த்துக்கலாம். மொதல்ல மண்ணு நிக்கட்டும்."

பெரியவர் மறுபேச்சுப் பேசவில்லை. தென்னையையும் மாவையும் பிடுங்கி, கரைக்கு 20 அடி தள்ளி நட்டார். பெரிய மரத்தின் வேர் கரையைப் பிளந்து கசிவை உண்டாக்கும். உதிரும் இலை தண்ணீரில் அழுகும். உள்சரிவில் நீர்மட்டத்துக்கு மேலே, அரையடிக்கு ஒரு தூராக வெட்டிவேர் வரிசை வைத்தார். நல்ல மண்ணில் அதன் வேர் 10 அடி வரைகூட இறங்கும். (பாய் விரித்த குட்டையில் இதை வெளிச்சரிவில் மட்டும் வையுங்கள், வேர் பாயைக் கிழித்துவிடும்.) கரை மேல் அருகம்புல்லைப் பதித்தார். வெளிப்பக்க அடியில் நொச்சியும் ஆடாதொடையும் போத்து நட்டார். இரண்டையும் ஆடு சீண்டாது. தண்ணீர் வரும் வாயில் கல் பாவினார்.

முதல் இரண்டு மாதம் வெயில் காய்ந்தபோது மட்டும் தண்ணீர் ஊற்றினார்கள். இப்போது வருஷத்துக்கு இரண்டு முறை வெட்டிவேர்த் தாளை அறுத்து மூடாக்குப் போடுகிறார்கள். அதோடு சரி, கரைக்கு வேறு வேலை இல்லை.

குட்டையைச் சுற்றி வேலியும், பூட்டுப் போட்ட படலும் வந்துவிட்டன. படலை ஒட்டி ஊன்றிய கம்பில், முடிச்சுப் போட்ட கயிறும் மூடி இறுக்கிய காலிக் கேனும் தொங்குகின்றன. குட்டை வெட்டப் போகிறவர்கள் செடி வாங்குமுன் இந்தக் கயிற்றையும் கேனையும் வாங்கி வையுங்கள். எல்லா நாளும் கரையில் ஒருத்தர் சேலையோடு நிற்கமாட்டார்.