காக்காவின் சைலன்சர்

காக்கா தனது மோட்டார் சைக்கிளுக்குப் புதுச் சைலன்சர் பூட்டிய நாளிலிருந்து, எங்கள் ஒழுங்கைக்குள் திரும்பும்போதெல்லாம் அது 'பட்... பட்' என்று வெடித்தது. அவருக்கு அது பெருமை. மூத்தம்மாவுக்கோ கை நடுங்கும். தஸ்பீஹ் நழுவி விழும். 1990 ஆகஸ்ட் 3 இரவு, காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையின்போது கேட்ட வெடிச்சத்தம் அவரது காதை விட்டு இன்னும் போகவில்லை.

"எஞ்சின் பழுதாக்கும்" என்றார் உம்மா. இரசாயனவியல் படிக்கும் எனக்கு வேறு சந்தேகம். எரிவதற்கு ஒட்சிசன் வேண்டுமே, குழாய்க்குள் அது எப்படி வந்தது? எஞ்சின் ஆறியிருந்தபோது மூட்டுகளில் சவர்க்கார நீர் பூசி, ஸ்டார்ட் பண்ணச் சொன்னேன். எஞ்சினோடு குழாய் சேருமிடத்தில் நுரை கொப்புளித்தது. காக்கா பழைய கேஸ்கட்டையே திரும்பப் போட்டிருந்தார். வேகத்தைக் குறைக்கும்போது எரியாமல் வரும் பெற்றோல் ஆவி, அந்த இடைவெளியால் புகுந்த காற்றோடு சேர்ந்து சூடான குழாய்க்குள் எரிந்திருக்கிறது.

புதிய கேஸ்கட் போட்டதும் வெடிப்புக் குறைந்தது, முற்றாக நிற்கவில்லை. "காபரேட்டரில் கலவையையும் சரிபார்க்க வேணும் காக்கா" என்றேன். அவர் மூத்தம்மாவின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் பழைய சைலன்சரைப் பூட்டிவிட்டார்.

இப்போது மஃரிபுக்குப் பின் காக்கா வருவது மூத்தம்மாவுக்குத் தெரிவதில்லை. ஸலாம் கேட்ட பிறகுதான் நிமிர்ந்து பார்க்கிறார்.