கம்ப்யூட்டர் படிக்கணும், ஆனா கணக்கும் கோடும் வேண்டாம்!



ப்ளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் போதும், விருதுநகர், சாத்தூர், சிவகாசி பக்கம் எந்த வீட்டுக்குப் போனாலும் ஒரே கேள்விதான். "பையனை என்ன படிக்க வைக்கப் போறீங்க?" பதிலும் ஒன்றேதான். "கம்ப்யூட்டர்." கம்ப்யூட்டரில் என்ன என்று கேட்டவரும் கேட்க மாட்டார், சொன்னவரும் சொல்ல மாட்டார். இந்த வருஷம் மட்டும் நாலு பேர் என்னிடம் கேட்டுவிட்டார்கள்: "ப்ரோகிராம் பிடிக்காது, மேத்ஸ் சுத்தமா வராது, பிசிஏ எடுக்கலாமா?" நான் படிப்பது பி.காம். சிஏ. (அந்த ஆடிட்டர் சிஏ இல்லை, கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்ஸ். இதை விளக்கியே மூன்று வருஷம் ஓடிவிட்டது.) கணக்குக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் உட்கார்ந்திருப்பதால் என்னைப் பிடிக்கிறார்கள் போல.

பிடிக்காததை ஏன் படிக்க நினைக்கிறார்கள் என்று வெளியூர் நண்பர்களுக்குப் புரியாது. எங்கள் ஊரில் பட்டாசுத் தொழிற்சாலையைத் தொழிற்சாலை என்று யாரும் சொல்வதில்லை. பயராபீஸ், அவ்வளவுதான். தீப்பெட்டி செய்யும் இடம் தீப்பெட்டி ஆபீஸ். "அம்மா ஆபீஸ் போயிருக்கு" என்று ஒரு பிள்ளை சொன்னால் அந்த அம்மா ஏதோ ஒரு ஷெட்டில் தரையில் உட்கார்ந்து வேலை பார்க்கிறார் என்று அர்த்தம். சாயங்காலம் திரும்பும்போது சிலருக்குக் கை முழுக்க அலுமினியப் பவுடர் வெள்ளி பூசிய மாதிரி மின்னும். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நடந்த விபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். 2021 பிப்ரவரியில் சாத்தூர் பக்கம் அச்சங்குளம். இதற்கு நடுவிலும் பின்னாலும் பேப்பரின் உள்பக்கத்தில் நாலு வரியில் முடிந்துபோனவை எத்தனையோ. ஆக, ஒரு அம்மா "கம்ப்யூட்டர்" என்று சொன்னால் அவர் மனதில் இருப்பது சி மொழியும் இல்லை, ஜாவாவும் இல்லை. வெடிக்காத ஒரு ஆபீஸ். அந்த ஆசையை நான் குறை சொல்லவே மாட்டேன்.

இன்னொரு வேடிக்கை, அந்தப் படிப்புக்கு வழி செய்ததும் பட்டாசுதான். 1922-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுக்கொண்டு வந்தார்கள். அப்புறம் பட்டாசு, அச்சு என்று ஊரே மாறியது. அந்தக் காசில் கல்லூரிகள் வந்தன. 1963-ல் அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரி. 1968-ல் வந்த பெண்கள் கல்லூரியின் பெயரிலேயே 'ஸ்டாண்டர்டு ஃபயர்ஒர்க்ஸ்' இருக்கிறது. 1984-ல் மெப்கோ பொறியியல் கல்லூரி. மெப்கோ என்றால் மெட்டல் பவுடர் கம்பெனி. கையில் மின்னுகிறது என்றேனே, அதே அலுமினியப் பவுடர்!

சரி, விஷயத்துக்கு வருவோம்.

முதலில் கதவு எங்கே திறந்திருக்கிறது என்று பாருங்கள். பி.இ. என்றால் ப்ளஸ் டூவில் கணிதம் கட்டாயம். 200 கட்-ஆஃபில் 100 கணிதத்துக்குத்தான், மீதி இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் ஐம்பது ஐம்பது. காமர்ஸ் குரூப் எடுத்தவர்கள் அந்தப் பக்கம் பார்க்க வேண்டியதில்லை. பிசிஏ, பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் அப்படியில்லை. கணிதம் இல்லாவிட்டாலும் வணிகக் கணிதமோ கணினிப் பாடமோ படித்திருந்தால் சேர்த்துக்கொள்ளும் கல்லூரிகள் உண்டு. காலேஜுக்குக் காலேஜ் விதி மாறும், ப்ராஸ்பெக்டஸில் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும். அதைப் படிக்காமல் பணம் கட்டாதீர்கள்.

உள்ளே போனால் என்ன இருக்கும்? பிசிஏ என்பது கம்ப்யூட்டரைப் 'பயன்படுத்தும்' படிப்பு என்று நிறைய பேர் நினைக்கிறார்கள். பெயரில் அப்ளிகேஷன்ஸ் என்று இருப்பதால் வரும் குழப்பம். சி, டேட்டா ஸ்ட்ரக்சர், ஜாவா, டேட்டாபேஸ், ஆப்பரேட்டிங் சிஸ்டம் என்று மூன்று வருஷமும் வரும். கிட்டத்தட்ட எல்லா செமஸ்டரிலும் ஒரு லேப். கூடவே புள்ளியியல், டிஸ்க்ரீட் மேத்ஸ் மாதிரி ஏதாவது ஒன்று. கடைசியில் ஒரு ப்ராஜெக்ட். (மதுரையில் காசு கொடுத்தால் ப்ராஜெக்ட் கிடைக்கும் என்று உங்கள் சீனியர் சொல்லுவார். கிடைக்கும். வைவாவில் பதில் சொல்ல ஆள் கிடைக்காது!) கோடு எழுதப் பிடிக்காதவர் பிசிஏ எடுப்பது, வெயில் ஆகாதவர் விருதுநகரில் மே மாதம் வந்து இறங்குவது மாதிரி.

ஆனால் "பிடிக்காது" என்பதை அப்படியே நம்பவும் கூடாது. என் சித்தி மகன் கதையைச் சொல்கிறேன்.

காமர்ஸ் குரூப், கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்ஸோடு படித்தவன். அவனும் அதே பாட்டுத்தான்: "அக்கா, மேத்ஸும் வராது, ப்ரோகிராமும் பிடிக்காது." போன தீபாவளிக்கு ஒரு பட்டாசுக் கடையில் பில் போடப் போயிருந்தான். எங்கள் ஊர் பட்டாசு விலைப்பட்டியல் தெரியுமல்லவா? 500 ரூபாய் என்று அச்சடித்து 80 சதவீதம் தள்ளுபடி என்று நூறு ரூபாய்க்குக் கொடுப்பார்கள். (அந்த 500-ஐ யாருமே கொடுத்ததில்லை, இருந்தும் அச்சடிக்கிறார்கள்.) ஆர்டர் ஒரு அளவுக்கு மேல் போனால் பேக்கிங் சார்ஜ் கிடையாது, அதற்குக் கீழே என்றால் 3 சதவீதம். கிஃப்ட் பாக்ஸுக்குத் தள்ளுபடியே கிடையாது. இதையெல்லாம் அவன் எக்செல்லில் ஒரே வரியில் எழுதியிருந்தான், ஒரு ஐஃப்புக்குள் இன்னொரு ஐஃப். நான் பார்த்துவிட்டு, "டேய், இதுதான்டா ப்ரோகிராம்" என்றேன். "இல்லக்கா, இது எக்செல்" என்கிறான் :-)

கணக்கும் அப்படித்தான். ட்ரயல் பேலன்ஸ் டேலி ஆகாவிட்டால் காமர்ஸ்காரர்கள் என்ன செய்வோம்? வித்தியாசம் ஒன்பதால் வகுபடுகிறதா என்று பார்ப்போம். வகுபட்டால் எங்கேயோ இலக்கம் இடம் மாறியிருக்கலாம். 540-ஐ 450 என்று எழுதினால் வித்தியாசம் 90. ஏன் ஒன்பது என்று யோசித்தால் அது சுத்தமான கணிதம். ஒரு ரூபாய் வித்தியாசத்துக்காக லெட்ஜர் லெட்ஜராகத் தேடுவதும், ஒரு அரைப்புள்ளி விட்டுப்போனதைக் கோடில் தேடுவதும் ஒரே மாதிரி வேலைதான். முதலாவதை உட்கார்ந்து செய்பவருக்கு இரண்டாவதைச் செய்ய மூளை இல்லை என்று சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பயம் வேறு, பிடிக்காமை வேறு.

அதனால் அவனுக்கு இரண்டு வாரம் பைத்தான் சொல்லிக்கொடுத்தேன், செல்போனிலேயே. முதல் வாரம் எல்லா லேபிலும் வரும் அந்த நட்சத்திர முக்கோணம். முதல் வரியில் ஒரு நட்சத்திரம், அடுத்ததில் இரண்டு, அடுத்ததில் மூன்று. "இதை எதுக்குக்கா அச்சடிக்கணும்?" என்று எரிச்சல்பட்டான். நியாயமான கேள்வி. இரண்டாவது வாரம், 1000 ரூபாய்க்குள் அடங்கும் கிஃப்ட் பாக்ஸில் என்னென்ன வைக்கலாம் என்று ப்ரோகிராம் எழுதச் சொன்னேன். ராத்திரி பதினோரு மணி வரை எழுந்திருக்கவில்லை. மறுநாள் அவனே சொன்னான்: "இது பரவாயில்லக்கா. ஆனா தினமும் இதையே செய்ய முடியாது." பயத்தால் வந்த பதில் இல்லை இது. செய்து பார்த்துவிட்டுச் சொன்னது. இந்தப் பதில் வந்தபிறகுதான் முடிவெடுக்கவே முடியும் என்பது என் கட்சி. இரண்டு வாரத்துக்குச் செலவு ஒன்றும் இல்லை. மூன்று வருஷத்துக்கு உண்டு. பழைய கல்லூரிகளில் பி.காம். அரசு உதவி பெறும் பிரிவில் இருக்கும், பிசிஏ பெரும்பாலும் சுயநிதிப் பிரிவு. தீபாவளி முடிந்தால் வேலை குறைந்துபோகும் வீடுகளில் அந்த வித்தியாசம் பெரியது.

கோடு வேண்டாம், கம்ப்யூட்டர் வேண்டும் என்றால் வழியே இல்லையா? எங்கள் ஊரிலேயே இருக்கிறது. சிவகாசியில் ஆடிப்பெருக்கு அன்று அடுத்த வருஷக் காலண்டர் ஆல்பம் வெளிவரும். அதற்கு முன்னால் கோரல்டிராவிலும் போட்டோஷாப்பிலும் எத்தனை பேர் கண் விழித்திருப்பார்கள்! அவர்களில் யாருக்கும் ஜாவா தேவைப்பட்டதில்லை. அடுத்தது டேலி, ஜிஎஸ்டி. எங்கள் பாடத்தில் கணக்குப்பதிவியல், காஸ்டிங், வருமான வரியோடு டேலியும் டேட்டாபேஸும் வரும். ஒரு செமஸ்டரில் சி++ கூட வந்தது, தப்பித்துவிட்டோம். டேலியை எழுதிய பரத் கோயங்கா கணிதம் படித்தவர். அப்பாவின் வியாபாரக் கணக்கைப் பார்க்க நல்ல மென்பொருள் இல்லை என்று எழுத ஆரம்பித்தது. 1986-ல் கம்பெனி, 2020-ல் பத்மஸ்ரீ. கணிதக்காரர் ஒருவர் எழுதியதால் கணிதம் பிடிக்காத நாங்கள் எல்லாரும் பிழைக்கிறோம்!

இதிலும் ஒரு முள் உண்டு. பி.காம். சிஏ எடுத்தால் கணக்கிலிருந்து தப்பலாம் என்று நினைக்காதீர்கள். கேம்பஸுக்கு வரும் கம்பெனி எந்த டிகிரியாக இருந்தாலும் முதலில் ஆப்டிட்யூட் டெஸ்ட்தான் வைக்கும். அப்புறம் எம்சிஏ போகலாம் என்றால், என்ஐடிகளுக்கான நிம்செட் தேர்வில் கணிதம்தான் பெரிய பங்கு. "இப்போ ஏஐயே கோடு எழுதிடுதே, நமக்கு எதுக்கு?" என்றும் ஒருத்தன் கேட்டான். எழுதும். அது எழுதியது தப்பு என்று கண்டுபிடிக்கும் ஆளுக்குத்தான் சம்பளம் கொடுப்பார்கள், அந்த ஆளுக்குக் கோடு தெரிந்திருக்க வேண்டும்.

சித்தி மகன் இரண்டுக்கும் அப்ளிகேஷன் போட்டிருக்கிறான், பி.காம். சிஏ முதலில், பிசிஏ இரண்டாவதாக. சித்திக்குத்தான் மனசு ஆறவில்லை. பயராபீஸில் பதினெட்டு வருஷமாக பேக்கிங் வேலை பார்ப்பவர். "பி.காம் படிச்சா கடைசியில இங்கயேதான் வருவான் தாயி" என்றார். வரலாம், மறைக்கவில்லை. ஐம்பதாயிரம் ரூபாய்க்கு மேல் சரக்கு வெளி மாநிலம் போனால் இ-வே பில் போட வேண்டும், ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட வேண்டும். அதற்கெல்லாம் பட்டாசுக் கம்பெனிகளுக்கு ஆள் வேண்டும் என்று சொன்னேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "அது டவுன் ஆபீஸா, ஷெட்டுப் பக்கமா?" என்று கேட்டார்.

"டவுன் ஆபீஸ்தான் சித்தி. மருந்து ரூம் பக்கமே போக வேண்டாம்."

"ஏசி இருக்குமா?"

"ஃபேன் இருக்கும்" என்றேன்.